பத்தாவது விரலை மாற்றிக்கொண்டே இருந்தவர்

செல்வரத்தினம் அண்ணன் காலமான செய்தியை எங்கள் சபைப் போதகர்தான் தொலைபேசியில் சொன்னார். "டீச்சர், அண்ணன் விடியக்காலம் ஆஸ்பத்திரியில போயிட்டார்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாளைக்கு முன்புதான் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னோடு பாபிலோனைப் பற்றிச் சண்டை பிடித்தவர் அவர். அந்தச் சண்டையை அப்படியே பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் கேட்காமல் எழும்பிப் போவது அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் இந்த முறை கொஞ்சம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் போர்மனாக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு மட்டக்களப்புக்கு வந்து, வாவிக்கரையில் இருக்கிற எங்கள் சின்னச் சபையில் புதன்கிழமை வேத வகுப்பை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்பதுதான் சரியான சொல். யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. தானியேல் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் நேபுகாத்நேச்சாரின் கனவுதான் அவருடைய பாடம். கனவில் வந்த சிலைக்குத் தலை தங்கம், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்கள் இரும்பும் களிமண்ணும். ஒவ்வொரு பாகமும் ஒரு ராச்சியம் என்று சொல்லி, பாபிலோன், பெர்சியா, கிரேக்கம், ரோமாபுரி என்று மேலிருந்து கீழே இறங்கி வருவார். கால்விரல்களுக்கு வந்ததும் நின்றுவிடுவார். பிறகு அங்கிருந்து எங்களை வீட்டுக்குப் போக விடமாட்டார்.

நான் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவள். அதனால் போதகர் என்னை அந்த வகுப்பில் முன் வாங்கில் உட்கார வைத்தார். "அண்ணன் எல்லை தாண்டினா நீங்க ஒருக்கா இருமுங்க டீச்சர்" என்பது அவருடைய ஏற்பாடு. நான் இருமி இருமித் தொண்டை புண்ணானதுதான் மிச்சம். அண்ணன் பேச்சை நிறுத்தி, "டீச்சருக்குச் சுடுதண்ணி குடுங்கோ" என்று சொல்லிவிட்டு ரோமாபுரியைத் தொடர்வார்.

அந்தச் சிலையைத் துணியில் வரைவித்த கதை எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். பெரிய சீலை ஒன்றை வாங்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் கலீல் நானா என்பவரிடம் கொடுத்தார். கலீல் நானா பழக்கத்துக்கு இனியவர், கை சுத்தம். ஆனால் முகம் வரையமாட்டார்.

"உடம்ப எப்படியாச்சும் கீறித் தாறன் அண்ணன். கண்ணு, மூக்கு, வாய் எண்டு ஒரு உருவத்த நான் போடமாட்டன். எங்கட மார்க்கத்துல அது கூடா" என்றாராம்.

அண்ணன் அதற்குச் சம்மதித்தார். "தங்கம் இருந்தாப் போதும் நானா" என்றுவிட்டு வந்திருக்கிறார். சீலை வந்து சேர்ந்தபோது தோளுக்கு மேலே மினுமினுவென்று ஒரு பொன்வட்டம் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது கும்பத்துக்கு வைக்கிற குடம். ஞாயிறு பாடசாலைப் பரீட்சையில், நேபுகாத்நேச்சார் கனவில் எதைக் கண்டான் என்ற கேள்விக்குப் பாதிப் பிள்ளைகள் "குடம்" என்று எழுதிவைத்தார்கள். நான் பிழை போட்டேன். அண்ணன் வந்து எல்லாவற்றுக்கும் சரி போடவைத்தார். "பாபிலோனும் ஒரு வெறுங்குடந்தான் டீச்சர். புள்ளைகள் நம்மளவிட ஆழமாப் பாத்திருக்குதுகள்" என்றார். இப்படிப் பேசுகிற ஒருவரோடு எப்படி வாதாடுவது?

அவரிடம் எனக்குத் தீராத கோபம் வந்தது அந்த விரல்களால்தான். பத்து விரல்களும் பத்து ராச்சியங்கள் என்பார். உலகத்தில் எங்கே ஒரு அரசாங்கம் கவிழ்ந்தாலும் அடுத்த புதன்கிழமை ஒரு விரலின் பெயர் மாறியிருக்கும். பழைய பெயரின் மேல் வெள்ளைக் கடதாசியை ஒட்டிப் புதுப் பெயரை எழுதுவார். ஒட்டி ஒட்டி அந்தப் பாதம் யானைக்கால் வந்தது போல வீங்கிக் கிடந்தது. "அண்ணன், போன மாசம் சொன்னது பிழைதானே? ஒருக்கா வாய் திறந்து பிழை எண்டு சொல்லுங்களன்" என்று நான் கேட்காத நாளில்லை. அவர் சிரிப்பார். "திருப்பிப் பாக்கவேணும் டீச்சர்" என்பார். பிழை என்ற சொல் மட்டும் அந்த வாயிலிருந்து வராது.

விரல் மாறுவதால் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெற்றோல் வரிசை ஊரையே சுற்றிக்கொண்டு நின்ற அந்தக் காலத்தில் அண்ணனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மாரிக்கு முன்னம் கல் விழும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார். தானியேலில், கைகளால் பெயர்க்கப்படாத ஒரு கல் வந்து அந்தச் சிலையை நொறுக்கும்; உலக ராச்சியங்கள் எல்லாம் அதோடு முடியும். அந்தக் கல்லைத்தான் சொன்னார். கேட்டவர்களில் பலர் கொட்டாவி விட்டார்கள். யோகன் மட்டும் நம்பிவிட்டான்.

யோகன் குருக்கள்மடத்தில் இருப்பவன். பாசிக்குடாவில் ஹோட்டல்களுக்கு மேசன் வேலை செய்தவன். ஊரில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்கு மரமும் ஓடும் வளவுக்குள் அடுக்கிக் கிடந்தன. அதோடு வேலையை நிறுத்திவிட்டான். அவன் மனைவி தவமணியும் இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் இருந்தார்கள். முதல் மழைக்கே கொட்டில் ஒழுகியது. இளையது நெஞ்சுச் சளியோடு இழுத்துக்கொண்டு கிடந்தது. தவமணி என்னைத் தேடிக்கொண்டு வந்து அழுதாள்.

நான் பஸ் ஏறிப் போய் யோகனைக் கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் கூரை? எல்லாம் முடியப் போகுதெண்டு அண்ணன் சொல்லிட்டாரே" என்றான். நிதானமாகத்தான் சொன்னான். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

நேரே அண்ணனிடம் போனேன். வாசலில் நின்றபடியே ஏசினேன். "உங்கட பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் நடுவில ஒரு குழந்தை மூச்சு விட ஏலாமக் கிடக்கு. உங்கட நேபுகாத்நேச்சார் வந்து ஓடு போட்டுத் தருவாரா?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாம் எழுதக் கூடியதல்ல. அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க போவம்" என்றார்.

குருக்கள்மடத்துக்குப் போய் இறங்கியதும் யோகனைக் கூப்பிட்டு மரக்குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"டேய் யோகன், எரேமியா என்ன எழுதினவர்?"

"தெரியா அண்ணன்."

"பாபிலோனுக்குப் புடிச்சுக்கொண்டு போன சனத்துக்குக் கடிதம் எழுதினவர். அந்த ராச்சியம் விழும் எண்டு தெரிஞ்ச மனுசன்டா அவர். தெரிஞ்சுகொண்டும் என்ன சொன்னவர்? வீடு கட்டி இருங்க, தோட்டம் போட்டுச் சாப்பிடுங்க எண்டவர். விழப்போற ஊருக்குள்ளயே வீடு கட்டச் சொன்னவர். விளங்குதா? ராச்சியம் போகும். உன்ட புள்ளைகள் நனையவேணும் எண்டு எந்தத் தீர்க்கதரிசியும் எழுதல்ல."

"நீங்கதானே அண்ணன் மாரிக்கு முன்னம் எண்டீங்க?"

"மரத்தத் தூக்குடா" என்றார்.

அவ்வளவுதான். அப்போதும் பிழை என்று சொல்லவில்லை. முழங்கால் நோவோடு அந்த மனிதர் நாள் முழுக்க நின்று மரம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாளும் போனார். ஓடு போட்டு முடியும் வரைக்கும் போனார். போனவர் சும்மா இருந்தாரா? நேபுகாத்நேச்சார் தன் பெயரைச் செங்கல்லில் அச்சடித்துக் கட்டின கதையை மேலே நிற்கிறவர்களுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "அண்ணன், கொஞ்சம் பேசாம ஓட்ட எடுத்துத் தாங்க" என்று யோகனே கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

மாரி வந்தது. கல் விழவில்லை. அடுத்த புதன்கிழமை போய்ப் பார்த்தால் பத்தாவது விரலில் புதுக் கடதாசி. நான் எழும்பி, எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்க, பிழைதானே?" "திருப்பிப் பாக்கவேணும்" என்றார். அன்றைக்கு நான் இருமவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று புதன் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டேன். மூச்சு வாங்க, அதையேதான் சொன்னார்.

அவருக்கென்று இருந்தது ஒரு வாடகை அறை மட்டுந்தான். அதற்குள் சவப்பெட்டியை வைக்க இடம் போதாது. அதனால் யோகன் கேட்டு வாங்கி, தன் வீட்டு மண்டபத்தில் அவரை வைத்தான். கலீல் நானாவும் வந்து வெகுநேரம் முற்றத்தில் நின்றார். நான் குசினிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். தவமணி பால் விடாத பிளேன்டியைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"டீச்சர், ஒண்டு சொல்லட்டா? அண்ணன் சொல்லவேணாம் எண்டவர். இனிச் சொல்லலாந்தானே?"

"சொல்லு."

"கூரை முடிஞ்ச அண்டு பின்னேரம், இவர் கைகால் கழுவப் போன நேரம், அண்ணன் இந்த இடத்துக்கு வந்தவர். 'தங்கச்சி, நான் சொன்னது பிழை. என்ட வாயாலதான் உன்ட புள்ளைகள் நனைஞ்சுதுகள். என்ன மன்னிச்சுக்கொள்' எண்டு சொல்லி அழுதவர். பிறகு கண்ணத் துடைச்சுப்போட்டு, 'டீச்சருக்கு மட்டும் சொல்லிராத. தெரிஞ்சா அவ என்னைச் சாகும் வரைக்கும் விடமாட்டா' எண்டவர்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. இத்தனை காலமாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டே நின்ற ஒரு சொல். எனக்கு அதைத் தரவில்லை. தரவேண்டியவளிடம் போய்க் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல அடுத்த புதன்கிழமை வந்து என்னை வெறுப்பேற்றியிருக்கிறார்.

ராச்சியங்களைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. சரித்திரம் படித்தவள் அதை எப்படி வைத்துக்கொள்வேன்? அந்தக் குசினியில் நின்று ஒரு தாயிடம் அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். என்னிடம் மறைத்துவிட்டாரே என்ற கோபத்தோடுதான் வைத்துக்கொள்கிறேன்.