கரைவெட்டிக்கு வந்த வரித்தலை வாத்துகள்

செபஸ்டினுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரைவெட்டி ஏரிக்குப் போய்விடுவார். பத்து வருடமாக அவரும் பஞ்சநாதனும் நர்மதாவும் சேர்ந்துதான் அங்கே பறவைகளை எண்ணினார்கள். அவர் எண்ணுவார், நர்மதா எழுதுவார், பஞ்சநாதன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றுவார். போன வருடம் பஞ்சநாதன் மகனோடு ஓசூரில் குடியேறினார். நர்மதா மகளுக்குத் துணையாகச் சிங்கப்பூர் போய்விட்டார்.

இந்தத் தை மாதம் செபஸ்டின் தனியாகக் கரையில் நின்றபோது வரித்தலை வாத்துகள் கூட்டமாக வந்து தண்ணீரில் இறங்கின. மூவரும் நான்கு வருடமாகக் காத்திருந்த பறவை. உடனே பஞ்சநாதனுக்குப் போன் போட்டார்.

"வந்துட்டுதுடா பஞ்சு! நாப்பதுக்குக் கொறையாது!"

"அப்படியா! பேத்திக்கு இன்னைக்குக் காது குத்துடா, ஒரே சத்தம். போட்டோ அனுப்பு, அப்புறம் பாக்குறேன்."

நர்மதா போனை எடுக்கவில்லை.

வாத்துகள் நகர்ந்துகொண்டே இருந்ததால் கணக்கு இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை வாய்விட்டு எண்ணினார்.

"முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு. எழுதிட்டியா நர்மதா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தார். கரையில் யாரும் இல்லை. நோட்டைப் பிரித்து அவரே எழுதிக்கொண்டார்.