நானே அனுப்பிய விண்ணப்பம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் என் மடிக்கணினியில் உண்டு. கடிதமோ வினாத்தாளோ, எல்லாம் அதை வைத்துத்தான் எழுதுவேன்.

ஓர் அரச திணைக்களம் மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டிருந்தது. முந்தின தடவை கேட்டிருந்தபோது ஓர் இணையக் கடைக்காரரைக் கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினேன். அவர் அவசரத்தில் மொழியை மாற்றி அழுத்திவிட, விண்ணப்பம் தள்ளுபடியானது. ஆகவே இந்த முறை நானே நிரப்புவதென்று உட்கார்ந்தேன். திணைக்களத்தின் இணையப் பக்கத்தைத் திறந்ததும் கணினி, "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றது. எது எதற்கென்று அந்தப் பொத்தான்களுக்குள் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. கடைசியில் ஒரு படம். அதிலுள்ள எழுத்துகளைத் தட்டினால்தான் விண்ணப்பம் போகும். கணினியால் அதை வாசிக்க முடியவில்லை.

திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கண் தெரிஞ்ச யாரையாவது வச்சு நிரப்புங்களேன் அம்மா. இதுல என்ன பிரச்சினை?" என்றார் உத்தியோகத்தர்.

என் கடவுச்சொல்லையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஊராரிடம் சொல்வதுதான் பிரச்சினை என்றேன். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அன்று வகுப்பு எடுக்கவில்லை.

என்னிடம் முன்பு படித்த ஒருத்தி காத்தான்குடியில் சட்டத்தரணியாக இருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"இது அடிப்படை உரிமை மனு டீச்சர். ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில போடணும். நீங்க பின்வாங்க மாட்டீங்கதானே?"

"மாட்டன். எழுதுங்க," என்றேன்.

என் கணவர் வயல்காரர். வயல் வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அதை அண்ணனிடம் விட்டுவிட்டு என்னோடு கொழும்புக்கு ரயில் ஏறினார். "கவுண்மெண்டோட வழக்காடி வெல்லேலுமா கா?" என்று வழியில் இரண்டு தடவை கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பேசித் தீர்க்க முடியுமா பாருங்கள் என்று நீதியரசர்கள் சொன்னார்கள். அரச சட்டத்தரணியின் அறையில் கூடினோம். திணைக்களத்தின் கணினிப் பொறியியலாளரும் வந்திருந்தார். இணையப் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அவர் ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். நான் என் மடிக்கணினியின் திரையை அணைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"அப்படியென்றால் நீங்களே நிரப்புங்கள். நான் செய்வதுபோல, காதால்."

அவர் பெயரையும் முகவரியையும் தட்டெழுதினார். "பொத்தான்" என்றது கணினி. தட்டினார். "பொத்தான்." மறுபடி தட்டினார். மூன்றாவது பொத்தானில் எழுதியதெல்லாம் அழிந்துபோனது. மடிக்கணினியை என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "இதை நாங்கள் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. தவறு எங்களுடையது." அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

பக்கத்தைத் திருத்துவதாகவும், திருத்தியபின் விண்ணப்பிக்கப் புதிதாக நாள் கொடுப்பதாகவும் திணைக்களம் நீதிமன்றத்தில் உறுதியளித்தது. வெளியே வந்ததும் சட்டத்தரணி என்னைக் கட்டிப்பிடித்து, "அல்ஹம்துலில்லாஹ், வெண்டுட்டம் டீச்சர்!" என்று கத்தினாள். காவலர் அதட்டினார். அவள் கேட்கவில்லை.

சில வாரங்களில் அதே பக்கத்தைத் திறந்தேன். "பெயர்", "முகவரி", "மொழி" என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னது. படம் இருந்த இடத்தில், காதால் கேட்டு எழுதும் இலக்கங்கள். பதினைந்து நிமிடம். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்றதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ஓட்டமாவடியிலிருந்து ஓர் அழைப்பு. சவூதியில் விபத்தொன்றில் பார்வை இழந்தவராம்; என் இலக்கத்தைச் சட்டத்தரணியிடம் வாங்கினாராம். "நானும் தனியத்தான் அனுப்பினன் டீச்சர். ஆருக்கிட்டயும் கேக்கல்ல," என்றார்.

விண்ணப்பித்தவர்களுக்குத் திணைக்களம் வைத்த பரீட்சையில் இருவருமே சித்தியடைந்தோம். நியமனக் கடிதம் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில் வந்தது. வயலிலிருந்து வந்த கணவருக்கு நான்தான் அதை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"இன்னொருக்கா வாசி கா," என்றார்.