வெறும் வயிற்றோடு வந்த சாராம்மா

போதகர் வேலை என்றால் பிரசங்கம் செய்வது என்று வெளியார் நினைக்கிறார்கள். கமிட்டியிடம் திட்டு வாங்குவது என்று என்னைப்போல அங்கி மாட்டிய உங்களுக்குத் தெரியும். எண்பதுகளில், திருவண்ணாமலையில் ஒரு லுத்தரன் சபையில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

வாய்மொழித் தேர்வு

சாராம்மா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். கோட்டயத்துக்காரர், ஆர்த்தடாக்ஸ் சபை. அவர்கள் கோயில் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் எங்களிடம் நற்கருணை கேட்டு வந்தார். கமிட்டித் தலைவர் ஞானமுத்து, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், உடனே பரீட்சை வைத்துவிட்டார்.

"அப்பமும் திராட்சரசமும் என்னம்மா?"

"ஆண்டவரோட சரீரம், ரத்தம்."

"அடையாளமாவா, நெஜமாவா?"

"நெஜமா."

"எப்படி?"

"அது தெய்வ ரகசியம் சார். நாம எப்படிச் சொல்றது?"

எங்கள் ஞானோபதேசத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்கூட இதற்கு மேல் சொல்ல முடியாது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பதிலெல்லாம் சரிங்க ஐயா. ஆனா அவங்க நம்ம இஸ்கூல் இல்லையே."

கோட்டயத்துத் தீர்ப்பு

லீவில் ஊருக்குப் போன சாராம்மா, தம் சபைப் பாதிரியாரான அச்சனிடம் எங்கள் நம்பிக்கையை விளக்கி, எங்களிடம் நற்கருணை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அச்சனுக்குப் பெரிய தாடி, பெரிய படிப்பு. வந்த பதிலை அந்த அம்மாள் சிரிக்காமல் சொன்னார்.

"அவங்க நம்புறது சரிதான், ஆனா அவங்க நம்மாளு இல்லைன்னுட்டார் ஐயா."

வாஷ் பேசின்

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் வந்தார். நற்கருணைக்கு வெறும் வயிற்றோடு போவது அவர்கள் சபை வழக்கம் என்பதால், காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் ஆராதனை முடிந்து என்னைப் பார்க்கப் பின்னறைக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் பாத்திரத்தில் மிச்சமிருந்த திராட்சரசத்தை வாஷ் பேசினில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். சாராம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்னுட்டு, சாக்கடைக்கு ஊத்துறீங்களே சார்!"

வராந்தாக் கட்டில்

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டத்தில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தபோது, ஹெட்மாஸ்டருக்கு நெஞ்சுவலி. வராந்தாவில்தான் கட்டில் கிடைத்தது. டியூட்டியில் சாராம்மா. பிழைக்க மாட்டோம் என்று பயந்து ஹெட்மாஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். பாதி தின்ற இட்லியை ஒதுக்கிவிட்டு அப்பம் வாங்கினார். பாத்திரத்தைச் சிந்தாமல் பிடித்துக் குடிக்க வைத்தது சாராம்மாதான். அடியில் கொஞ்சம் மிஞ்சியது. மனிதருக்கு வாஷ் பேசின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கொட்டிடாதீங்க ஐயா. சிஸ்டருக்குக் குடுங்க," என்றார்.

சாராம்மா பாத்திரத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"டியூட்டியில டீ குடிச்சிட்டேன் ஐயா. ஞாயித்துக்கிழமை வெறும் வயித்தோட வரேன். எல்லார் கூடவும் நிக்க வச்சுக் குடுங்க."

அந்த ஞாயிறு யாரையும் கேட்காமல் சாராம்மாவுக்குக் கொடுத்தேன், கமிட்டியின் புண்ணியத்தில் மாற்றலும் வாங்கினேன். அப்பம் ஆண்டவரின் சரீரம் என்பதில் எங்கள் இரண்டு சபைக்கும் கருத்து வேறுபாடே கிடையாது, அது பசித்தவர் கையில் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதிலும் கிடையாது.