மோத்ரியாவின் தேன் புட்டி

கார்கிவ் நகரத்தில் எங்கள் உலோக ஆய்வகத்தில் மோத்ரியா ஸ்டெபானிவ்னாவுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. உலோகப் படிகத்தின் மேல் ஒரு சொட்டுத் தேன் தடவி, அதில் குவார்ட்ஸ் வில்லையை ஒட்டுவாள். வில்லை காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பும். திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்வாள். இயந்திரம் படிகத்தை உடையும்வரை ஆட்டி ஆட்டி அலுக்க வைக்கும். அலுக்க அலுக்க எதிரொலி மெலியும். தேன் அளவுக்கு எந்தப் பசையும் அந்த அதிர்வைக் கடத்தாது. அதனால் மாதம் ஒரு புட்டி வரும். அலமாரிச் சாவி அவளிடம். அவள் விதவை. நிறுவனம் கொடுத்த ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். வேலை போனால் அறையும் போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஓர் அலுமினியப் படிகத்தில், மெலிந்துகொண்டே போன எதிரொலி திடீரென்று பழையபடி ஓங்கி எழுந்தது.

"இது ஒடையப் போகுது" என்றாள். "என் வீட்டுக்காரர் சாகறதுக்கு முந்தின நாள் எழுந்து உக்காந்து போர்ஷ் சூப்பு கேட்டார். அந்த மாதிரி."

மெலிந்த எதிரொலி மீளவே மீளாது என்று ஆய்வகத் தலைவர் ஒஸ்டாப் லுக்கிச் ஏற்கெனவே மாஸ்கோவுக்கு எழுதியிருந்தார். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தேனா, சர்க்கரைத் தண்ணியா? பாதியை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு மீதியில தண்ணி ஊத்தினா, எதிரொலி குதிச்சுக் குதிச்சுத்தான் ஆடும்."

"சத்தியமா நான் தொடல, ஒஸ்டாப் லுக்கிச்."

"அப்போ கரடி வந்து நக்கிடுச்சா?"

எல்லோரும் சிரித்தோம். அந்தக் கரடி நான்தான். சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் டீக்கு இரண்டு கரண்டி. புட்டி இறங்கியதும் சர்க்கரைப் பாகை ஊற்றி நிரப்பியவனும் நான்தான். வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். திறக்கவில்லை. இப்போது என்னையே கோழை என்று திட்டிக்கொள்வதில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை!

அவளை நீக்கினார்கள். அறையும் போனது. மகளைச் சொந்தக்காரர்களிடம் அனுப்பிவிட்டு, எங்கள் சாப்பாட்டுக்கூடத்திலேயே தட்டு கழுவச் சேர்ந்தாள். நீக்கிய மூன்றாம் நாள் அந்தப் படிகம் உடைந்தது. ஒஸ்டாப் லுக்கிச் சத்தம் காட்டாமல் புதுத் தேன் வரவழைத்து, பதினோரு படிகங்களில் செய்து பார்த்தார். பதினொன்றிலும் எதிரொலி மீண்டது. மீண்ட கையோடு படிகம் உடைந்தது. இரண்டே வருஷத்தில் அது அவருடைய கண்டுபிடிப்பாகி, அதற்குப் பரிசும் வந்தது.

விருந்துக்குத் தேன் கேக். வெட்டிப் பரிமாறியது மோத்ரியா.

"கத்தியை மோத்ரியா கையில குடுத்தது யாருப்பா? பாதி கேக் காணாமப் போயிடுமே!" என்று தலைவர் கோப்பையை உயர்த்தினார். கூடமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.

வரிசையாகத் தட்டு வைத்துக்கொண்டு வந்தவள் என்னிடம் நின்றாள். மற்றவர்களுக்கு வைத்ததைப் போல இரண்டு மடங்கு துண்டு வைத்தாள்.

"சாப்பிடு, செவெரின். டீக்கு ரெண்டு கரண்டி போடுற ஆளாச்சே நீ. உனக்குத் தேன்னா உசுருன்னு எனக்கு அப்பவே தெரியும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் துணுக்கு வரை தின்றேன்.