என் தங்கைக்குப் பிறந்த இரண்டாவது மகன்

"அண்ணே, எனக்கு இன்னொரு பையன் பிறந்திருக்கான்."

போன மாதம் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் தங்கை செல்வி போனில் சொன்ன முதல் வாக்கியம் இது. செல்விக்கு ஐம்பது முடியப் போகிறது. நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"உடனே கிளம்பி வா. போன்ல பேசக்கூடாது." வைத்துவிட்டாள்.

ரங்கூனில் இப்போது யாராவது 'போனில் பேசக்கூடாது' என்று சொன்னால் நாங்கள் ஏன் என்று கேட்பதில்லை. சட்டையை மாட்டு, கிளம்பு... அவ்வளவுதான். வாயைக் கொப்பளித்தேனா இல்லையா என்றுகூட இப்போது நினைவில்லை.

என் வீடு கியாக்டடாவில், மூன்றாவது மாடி. தங்கை இருப்பது இன்சீன் பக்கம். நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் ஏறி உட்கார்ந்தால் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஆடி அசைந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். அன்றைக்கு அந்த ரயில் நகர்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. அவளுடைய ஒரே பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? இருபத்தொரு வயதுப் பையன் இருக்கிற வீட்டிலிருந்து போன் வந்தால் இங்கே வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தைந்து வரை உள்ள ஆண் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. 'இளைஞர்கள் நிறைந்த நாடு' என்று உலகப் புள்ளிவிவரப் புத்தகங்கள் எங்களைப் பற்றிப் பெருமையாக எழுதுகின்றன. நல்லது. அந்த இளைஞர்களைத் தெருவில் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். டீக்கடைகளில் முக்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. பாதிப் பிள்ளைகள் எல்லை தாண்டிவிட்டார்கள், மீதிப் பிள்ளைகள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பையனைத்தான் தேடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யாருடைய போனையோ கழற்றி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். என் தங்கையின் கணவர் கோ மியின் பர்மியர், பௌத்தர், அலோனில் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி. பையன் பிறந்தது செவ்வாய்க்கிழமை. பர்மிய வழக்கப்படி அந்தக் கிழமைக்குரிய எழுத்தில் அப்பா 'ஸோ லின்' என்று பெயர் வைத்தார். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்று அம்மா 'சரவணன்' என்று வைத்தாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில், கடையில் அவன் ஸோ லின். அம்மாவுக்கும் எனக்கும் கோயிலுக்கும் சரவணன். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். (எல்லாப் பெயர்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன். தெருவைச் சொல்லப் போவதில்லை. நானும் பயந்தவன்தான்.)

முந்தின நாள் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். கணக்கெடுத்தவர் ஓர் இளம் ஆசிரியை. சயாமா என்றுதான் ஆசிரியைகளை இங்கே கூப்பிடுவோம். அவருடன் வார்டு ஆள் ஒருவர், வாசலில் துப்பாக்கியோடு இருவர். தலைகளை எண்ண எதற்குத் துப்பாக்கி என்று யார் கேட்பது?

கோ மியின் முன்னறையில் உட்கார்ந்து சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். நான், மனைவி, மகன் ஸோ லின், வயது இருபத்தொன்று. அதற்குள் வாசலில் நின்ற வார்டு ஆள் ஏதோ கேட்கக் கூப்பிட, எழுந்து போயிருக்கிறார். செல்வி அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ச் செம்போடு அடுக்களையிலிருந்து வந்திருக்கிறாள்.

"யார் பேராவது விட்டுப் போச்சா?" என்று சயாமா கேட்டிருக்கிறார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். ஆனால் செல்வியின் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள் - கணவர் பயந்துபோய்ப் பையனை மறைத்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள். பையனின் செருப்போ வாசலில், துப்பாக்கிக்காரர் காலடியில் கிடக்கிறது. மறைத்தால் தண்டனை என்று தெருவெல்லாம் பேச்சு.

"ஒரு பையன் இருக்கான். சரவணன்."

"வயசு?"

"இருபத்தொண்ணு."

சயாமா தாளைப் பார்த்திருக்கிறார். ஏற்கெனவே ஒருவனுக்கு இருபத்தொன்று. "இரட்டையா?" என்று கேட்க, பயத்தில் எதற்கென்று தெரியாமலே செல்வி தலையாட்டியிருக்கிறாள். அந்தச் சயாமாவும் வாசல் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினாராம். அவரும் யார் பெற்ற பெண்ணோ. படியிறங்கும்போது கோ மியினைப் பார்த்து, "இரட்டைப் பிள்ளைங்க, அதிர்ஷ்டக்கார வீடு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். கோ மியினுக்குப் புரிவதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது.

இதுதான் என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த கதை.

கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு நாட்டின் மக்கள்தொகை எப்படியெல்லாம் பெருகுகிறது. சென்னையிலிருந்து இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அந்த வாரம்தான் கேட்டிருந்தார் - மியான்மர் பற்றி ஒரு புள்ளிவிவரப் பெட்டி கொடுங்கள் சார். மக்கள்தொகை, எழுத்தறிவு, சராசரி ஆயுள், எல்லாம் ரவுண்டாக இருந்தால் போதும் என்று. அவருக்கு எப்படிச் சொல்வது, அதில் ஒருவனை என் தங்கை தண்ணீர்ச் செம்போடு நின்று உண்டாக்கினாள் என்று?

கோ மியின் சிரிக்கவில்லை. "அக்கோ, தெருவுல என்ன பேச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவர் பேசியது பர்மியத்தில். அக்கோ என்றால் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரே பையன் இருக்கிற வீட்டை விட்டுவிடுவார்களாம். இரண்டு பையன் இருந்தால் ஒருவன் போக வேண்டுமாம். இது சட்டமா? வதந்தியா? தெரியாது. எங்களுக்கு இங்கே சட்டத்தைக் கண்ணில் காட்டுகிறவர்கள் யாரும் இல்லை, 'விடுவார்களாம்', 'பிடிப்பார்களாம்' என்று 'ஆம்' போட்டுப் பேசுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு 'ஆம்' மேலே பாரத்தைப் போட்டுவிட்டுத்தான் என் தங்கை இத்தனை நாள் தூங்கினாள். இப்போது அவளே தன் வாயால் அதைக் கெடுத்துக்கொண்டாள். இல்லாத ஒருவன் வந்து, இருக்கிற ஒருவனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொடுக்கப் போகிறான்.

"நாக்கை அறுத்துப் போட்டா தேவலை" என்றாள் செல்வி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

போய்த் திருத்தச் சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் யாரிடம்? பட்டாளத்துக்குப் பிள்ளை எடுக்கிற பட்டியலைக் கையில் வைத்திருக்கிறவர்களிடமே போய், 'ஐயா, எங்கள் வீட்டில் இருபத்தொரு வயதில் ஒருவன் இருக்கிறான், கொஞ்சம் கவனியுங்கள்' என்று கதவைத் தட்டுவதா? பேசாமல் இருக்கலாமா? இருந்தால், அந்த இரண்டாவது பையன் எங்கே, காட்டுக்குப் போய்விட்டானா, போராளிகளோடு சேர்ந்து துப்பாக்கி தூக்கிவிட்டானா என்று ஒருநாள் வந்து கேட்பார்கள். இல்லாதவனை எங்கிருந்து கொண்டுவந்து காட்டுவது?

கடைசியில் கோ மியினும் நானும் வார்டு ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நடு வயசுக்காரர், வெற்றிலை போட்ட வாய், மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தாளெல்லாம் மேல போயாச்சு. தப்பா எழுதிட்டோம்னு நான் சொன்னா என்னைக் கேப்பாங்க. அந்தச் சயாமாவைக் கேப்பாங்க. அது நல்லதுக்கில்ல."

"அப்ப என்ன செய்யறது சயா?" என்று கேட்டேன். சயா என்றால் ஐயா மாதிரி.

"ஒரு ஆள் குறையணும்னா காரணம் வேணும். வெளிநாடு போயிட்டான்னு எழுதினா, எப்படிப் போனான், யார் விட்டாங்கன்னு ஆயிரம் கேள்வி. செத்துட்டான்னு எழுதினா ஒரு கேள்வியும் இல்ல. பேரைச் சொன்னவங்க அம்மாதானே? அவங்களே வந்து கையெழுத்துப் போடட்டும். சாட்சிக்கு ஒரு ஆள். முடிஞ்சது."

உண்மையில் அவர் உதவிதான் செய்தார். அதற்காக அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, அவரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. நான் அவருக்குப் பயந்தேன், அவர் மேலே இருப்பவருக்குப் பயந்தார், அந்த மேலே இருப்பவர் யாருக்குப் பயப்படுகிறாரோ. ஒரு நாட்டைப் பற்றிய எண்கள் இப்படித்தான் கீழேயிருந்து மேலே போய்ச் சேர்கின்றன. நாம் அதை வாங்கி அழகாகக் கட்டம் கட்டிப் போடுகிறோம்.

கோ மியினுக்கு நிம்மதி. "சுலபமா முடிஞ்சது அக்கோ" என்றார் வழியெல்லாம். அவருக்கு அது வெறும் தாள். அவருடைய மகன் ஸோ லின். தாளில் சாகப் போகிறவன் வேறு யாரோ.

செல்விக்கு அப்படியா?

"மாட்டேன்" என்றாள். "நான் பெத்து, நான் பேர் வெச்சு, காது குத்தினவன்ணே. அவன் செத்துட்டான்னு என் கையால எழுதச் சொல்றியா? எந்தத் தாயாவது எழுதுவாளா?"

"நிஜமாவா எழுதற? வெறும் பேருதானே" என்றார் கோ மியின்.

"உங்களுக்குப் பேரு. எனக்குப் பிள்ளை."

பையன் தலை நிமிர்ந்தான். அவனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் பர்மியத்தில்தான் வரும். "மாமா, எனக்கு அப்பா வழக்கப்படி ஏழாம் நாள் சோறு போடுவீங்களா, அம்மா வழக்கப்படி பதினாறாம் நாளா?" என்றான். செல்வி ஓங்கி ஓர் அறை விட்டாள். இருபத்தொரு வயதுப் பையனை. பிறகு அவன் கன்னத்தை அவளே தடவிவிட்டாள். அவன் கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ ஒன்று எங்கோ தெறித்துப் போய்விட்டது, நாங்கள் நாலு பேரும் தரையில் குனிந்து அதைத் தேடினோம்.

அதன் பிறகு சில நாட்கள் நான் தினமும் இன்சீன் போய் வந்தேன். தெருவில் ஒரு வண்டி நின்றால் செல்வி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டி போன பிறகுதான் குழம்பைக் கிளறுவாள். அவள் வீட்டுக் குழம்பு எல்லா நாளும் அடிப்பிடித்திருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தது. இரண்டு பையன்கள் உள்ள வீடு. மூத்தவன் போனான். அந்தத் தாயைக் காய்கறி வாங்கும் இடத்தில் செல்வி பார்த்திருக்கிறாள். அந்த அம்மா எப்போதும் வாங்கும் அளவுக்குக் கீரையை எடுத்துவிட்டு, பிறகு பாதியைத் திருப்பி வைத்தாளாம். செல்வி இதை என்னிடம் சொல்லிவிட்டு, "வா, போய்ட்டு வந்திடலாம்" என்று புறப்பட்டாள்.

போகுமுன் மகனை அலோனில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவள் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அவன் இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாதாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குப் புரிந்தது.

ஆபீசில் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். 'எப்படி இறந்தார்' என்ற இடத்தில் அதிகாரியே 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டார். சாட்சி நான். தாய்மாமன். காது குத்தும்போது அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், அவன் சாவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடமாக எழுதிப் பிழைக்கிறேன், என் பெயரை எழுத இவ்வளவு நேரம் எனக்கு ஆனதில்லை.

திரும்பி வந்ததும் செல்வி வீட்டுக்குள் நுழையவில்லை. முற்றத்துக் குழாயடியில் சேலையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் செய்வதுபோல. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "வெயில்" என்றாள் செல்வி. பிறகு செம்பை என்னிடம் நீட்டினாள்.

"நீயும் ஊத்திக்கண்ணே."

ஊற்றிக்கொண்டேன். ஈர லுங்கியோடு அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு வெட்கமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. நாங்கள் எழுதிக்கொடுத்தது யார் காதிலாவது விழுந்து பலித்துவிட்டால்? படித்தவன், பத்தி எழுதுகிறவன், இப்படிப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் ஒருமுறை எழுதிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரை, அந்தக் கட்டத்தில்.

கணக்கு இப்போது சரியாகிவிட்டது. துப்பாக்கி முனையில் ஒருவனைக் கூட்டினார்கள், பேனா முனையில் நாங்கள் கழித்துவிட்டோம். இனி ஒரே பையன் உள்ள வீடு. அந்த 'ஆம்' உண்மையா என்று மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சென்ற ஞாயிறு அங்கே சாப்பிடப் போயிருந்தேன். பையன் உள்ளறையில் போன் ரிப்பேரில் மூழ்கியிருந்தான். சோறு போட்டுவிட்டுச் செல்வி கூப்பிட்டாள். "ஸோ லின்..." என்றாள். பதில் இல்லை. "ஸோ லின், சாப்பிட வா." அவன் அசையவில்லை. அம்மா வாயால் அந்தப் பெயரை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

செல்வி எழுந்தாள். தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழிட்டாள். உள்ளே போய், அவன் காதருகில் குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "சரவணா, சாப்பிட வாடா" என்றாள்.

உடனே எழுந்து வந்துவிட்டான்.

அவன் தட்டில் கை வைத்த பிறகும், அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.