ஆக்ஸிலேட்டரில் இருந்த கால்

இது கதை இல்லை. நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மதியம் 2:10 முதல் 2:38 வரை நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் டயர் கடைக்கு அடுத்த ஷெட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். டீசல் லாரிகளுக்கு இன்ஜெக்டர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற குழல், வேலை பார்ப்பவர். தெருவில் அவருக்குப் பெயர் 'காது'. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைப்பார், பிடியைக் காதில் ஒட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார். எந்த இன்ஜெக்டர் ஒழுங்காகத் தட்டுகிறது, எது சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரை மாட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவர் எனக்கு நிமிடம் நிமிடமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. தெரு அவனுக்கு வைத்த பெயர் 'அவசரம்'. பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அண்ணனிடம் காட்டாமல், ஒரு புரோக்கர் பேச்சைக் கேட்டு, மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அது காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. நின்ற இடத்தில் நடுங்கியது. ஏற்றத்தில் கறுப்புப் புகையாகக் கக்கியது. திங்கட்கிழமை காலை அவனுக்கு முதல் லோடு. மலைப் பாதை.

அந்த ஞாயிறு காலையிலேயே காது வேலையை ஆரம்பித்துவிட்டார். இன்ஜெக்டர் பயன்படுத்தியது போக மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பாட்டில் கட்டித் தொங்கவிட்டார். ஆறு சிலிண்டர், ஆறு பாட்டில். மற்ற ஐந்தும் கால்வாசி நிரம்புவதற்குள் நான்காவது பாட்டில் கழுத்து வரை வந்துவிட்டது. அதாவது நான்காவது இன்ஜெக்டர் உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. குழாய்களைத் திரும்ப மாட்டினார். கம்பெனி அளவில், ஒரே மாதிரி சோதித்த ஆறு இன்ஜெக்டர்களை மொத்தமாக மாற்றிவிடலாம், கூடவே தண்ணீர் பிரிக்கிற நல்ல ஃபில்டர் ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றார்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. பெரிய துளை வைத்த இன்ஜெக்டர்தான் வேண்டும், மலையில் பறக்க வேண்டும் என்றான். அடுப்பில் விறகை மட்டும் திணித்தால் ஆகுமா, அதற்கேற்ற காற்று வேண்டாமா என்று அண்ணன் எடுத்துச் சொன்னார். காற்றை உள்ளே தள்ளுகிற டர்போவை மாற்றாமல் டீசலை மட்டும் கூட்டினால் பாதி மலையில் பிஸ்டன் உருகிவிடும், லோடோடு நடுரோட்டில் நிற்பாய் என்றார். பேச்சு வளர்ந்தது. நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே கேட்டது. கடைசியில் தம்பி கத்தினான்.

“நீ இருக்கிற வரைக்கும் என்னைத் தலையெடுக்க விடமாட்டே. நீ இல்லாமப் போனாத்தான் நான் உருப்படுவேன்.”

தெருவே கேட்டது. அம்மா போன பிறகு அவனைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

மதியம் 2:05 இருக்கும். தம்பி லாரிக்குள் ஏறுவதைப் பார்த்தேன். கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. வண்டியை ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு வருகிற வயரின் கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். வேலை செய்கிற இன்ஜெக்டர் என்றால் பிடுங்கியதும் இன்ஜின் தடுமாறும். தடுமாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர்.

லாரியின் மூக்கு ஷெட்டின் பின்சுவரைப் பார்த்து நின்றது. நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். அங்கேதான் காது நின்றார். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டதால் கண்ணாடி மறைந்துவிட்டது. உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது. சத்தத்தில் பேசவும் முடியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மட்கார்டில் ஸ்பேனரால் ஒரு தட்டு என்றால் இன்ஜினை மெதுவாக விடு. இரண்டு என்றால் ஏற்று. மூன்று என்றால் நிறுத்து.

2:10. இன்ஜின் ஸ்டார்ட் ஆனது.

முதல் கனெக்டரைப் பிடுங்கினார். தடுமாறியது. மாட்டினார். இரண்டாவது, மூன்றாவது... அதே மாதிரி. நான்காவதைப் பிடுங்கினார். ஒரு மாற்றமும் இல்லை. சுத்தமாகச் செத்த சிலிண்டர். ஐந்தும் ஆறும் சரி.

இரண்டு தட்டு தட்டினார். இன்ஜின் ஏறியது. நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்றில் நின்றது. பக்கத்தில் கம்ப்யூட்டரை மாட்டிப் பதிவு ஓடவிட்டிருந்தார். எண் அசையவே இல்லை.

காதுக்கு ஆச்சரியம். அவசரம் மிதித்தால் வேக முள் எகிறிக் குதிக்கும். இன்றைக்குப் பையனுக்குப் பொறுமை வந்துவிட்டது, சண்டை போட்டதில் மனசு உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு தட்டு. இறங்கியது. இரண்டு தட்டு. ஏறியது. எல்லாம் கச்சிதம்.

2:24 வாக்கில்தான் முதல் முறையாக ஒன்று இடித்தது. வழக்கமாக உள்ளே உட்கார்ந்தால் தம்பி சும்மா இருக்க மாட்டான். பாட்டு போடுவான், கதவைத் தட்டுவான், 'முடிஞ்சுதா' என்று கத்துவான். இன்று உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

ஸ்பேனரைத் தூக்கினார். இரண்டு தட்டு தட்டுவதற்காக.

தட்டுவதற்கு முன்பே இன்ஜின் ஏறிவிட்டது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் விட்டு, ஒரு தட்டு தட்டலாம் என்று மனதில் நினைத்தார். நினைத்ததோடு சரி. கை ஸ்பேனருக்கே போகவில்லை.

இன்ஜின் இறங்கியது...



2:31. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். தம்பி. இன்ஜின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனை மறு காதில் அழுத்தினார்.

“அண்ணே, கோபப்படாதே. சாமான் கடையில இருக்கேன். பெரிய இன்ஜெக்டர் ஆறும் இருக்கு. வாங்கட்டுமா?”

“எப்போடா போனே?”

“ஸ்டார்ட் பண்ணின உடனே. அந்தப் பக்கக் கதவால இறங்கி, பின்சந்து வழியா வந்துட்டேன். உன்கிட்ட சொன்னா விடமாட்டியே.”

போன் கையிலேயே இருந்தது. காது பானெட்டைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்...



எப்படியோ மூன்று தட்டு தட்டினார். நிறுத்து.

நிற்கவில்லை.

மறுபடியும் மூன்று.

இன்ஜின் ஏறியது. 1500... 1800... 2100...

பழகிய கை தன்னால் வேலை செய்தது. டீசலை நிறுத்தினால் எந்த இன்ஜினும் நின்றாக வேண்டும். முதல் கனெக்டரைப் பிடுங்கினார். இரண்டு. மூன்று. ஐந்து. ஆறு. கடைசியில் செத்துப்போன அந்த நான்கையும் பிடுங்கினார். ஆறு வயரும் தொங்கின.

ஓடிக்கொண்டே இருந்தது.

சில சமயம் டர்போ வழியாக ஆயில் உள்ளே போனால் டீசல் இன்ஜின் அப்படி ஓடும். அது அவருக்குத் தெரியும். ஆனால் அப்போது வெள்ளைப் புகை ஊரை மூடும். இங்கே துளிப் புகை இல்லை.

மெல்ல மெல்ல சத்தம் மாறியது. ஆறு சிலிண்டர் சத்தம் இல்லை. ஒன்றே ஒன்று.

டக்...

டக்...

டக்...

ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் காதுக்குத் தெரிந்துவிட்டது. நான்காவது.

அப்புறம் வேறொரு சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கிளட்ச் அமுங்கும் கிறீச்.

கடக்.

கியர்.

பக்கவாட்டில் விழுந்தார். விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா, அதுவும் அவருக்குத் தெரியாது.

லாரி முன்னால் வந்தது. பம்பர் சுவரில் போய் ஒட்டியது. அவர் இடுப்பு இருந்த உயரத்தில், சிமெண்ட் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

பிறகு எல்லாம் அடங்கியது. மணி 2:38.

உதிர்கிற சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். காது தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை கிழிந்து ரத்தம். கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. சாவி 'ஆன்'-இல் இருந்தது. ஹேண்ட்பிரேக் விடுபட்டிருந்தது. டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. தம்பி குள்ளம். அந்த சீட்டில் உட்கார்ந்தால் அவன் கால் பெடலுக்கே எட்டாது.

தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு கம்ப்யூட்டரில் பதிவைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். இன்ஜின் வேகக் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிறது. அதற்குக் கீழே ஆக்ஸிலேட்டர் பெடல் கோடு. 2:10 முதல் 2:38 வரை ஒரே நேர்கோடு. பூஜ்யம். யாரும் மிதிக்கவே இல்லை.

மூன்று மணிக்குத் தம்பி கையில் பெட்டியோடு வந்தான். சுவரைப் பார்த்தான். அண்ணன் முழங்கையைப் பார்த்தான். பெட்டி கையிலிருந்து நழுவியது. அவன் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். திங்கட்கிழமை லோடுக்கு வேறு யாரோ போனார்கள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வண்டியைக் கட்டி இழுத்துப்போய் புரோக்கரிடமே விட்டார்கள். அந்த ஆள் காரணம் கேட்கவில்லை. கேட்காததே காதுக்கு உறுத்தியது. இதற்கு முன் யார் வைத்திருந்தது என்று விடாமல் பிடித்துக்கொண்டார். புரோக்கர் ரொம்ப நேரம் மழுப்பிவிட்டுச் சொன்னார்.

“ரெண்டு பேரு. அவங்களும் அண்ணன் தம்பிதான். அண்ணன் முன்னாடி நின்னு இன்ஜெக்டர் பாத்துட்டு இருந்தாரு. தம்பி கியரைப் போட்டு, சுவரோட வச்சு நசுக்கிட்டான். இப்ப ஜெயில்ல இருக்கான்.”

“அவன் என்ன சொல்றான்?”

“என்ன சொல்லுவான்? அப்போ நான் வண்டியிலயே இல்ல, சாமான் வாங்கப் போயிருந்தேன்னு இன்னிக்கும் சொல்லிட்டுத்தான் இருக்கான். யாரு நம்புவா? ரெண்டு பேருக்கும் அன்னிக்குக் காலையில பெரிய சண்டை. பக்கத்துக் கடைக்காரர் வேற, அவன் உள்ள உக்காந்திருந்ததைக் கண்ணால பாத்தேன்னு சாட்சி சொல்லிட்டாரு.”

காது இதை என்னிடம் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வாரமே திரும்பப் போய் விசாரித்தாராம், லாரி விற்றுப்போயிருந்தது. யாருக்கு என்று புரோக்கர் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் இப்போது ஒரே ஷெட்டில்தான் வேலை பார்க்கிறார்கள். நல்லபடியாக இருக்கிறார்கள். அதனால் ஒரு விஷயத்தை அவர்களிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

அன்று 2:25-க்கு நான் டியூபை ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். லாரியின் டிரைவர் ஜன்னல் எனக்கு நேராக இருந்தது. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். முழங்கை ஜன்னலில் இருந்தது. முகம் தெரியவில்லை. தம்பிதான் என்று நினைத்து நான் கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

காது அன்று செத்திருந்தால், போலீஸ் முதலில் என்னிடம்தான் வந்திருக்கும். தம்பி உள்ளே இருந்ததைப் பார்த்தேன் என்று நான் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன்.