ஹன்ட்லி வீட்டின் ஈசான மூலைக் குழாய்

போன சனிக்கிழமை ஹன்ட்லிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, வீடு பார்க்க. வீடு எனக்கில்லை, சிவாவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்தின் மனுரேவா பகுதியில் எங்கள் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறார், வேர்ஹவுஸ் வேலை. ஆக்லாந்து விலை எட்டாமல் தெற்கே தேடித் தேடி இதைப் பிடித்திருந்தார். அன்று மாலையே கையெழுத்து என்றார். இவ்வளவு மலிவான வீட்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. பிழைப்புக்குக் கணினி வேலை பார்த்தாலும் நான் படித்தது நிலவியல். ஹன்ட்லி என்றால் நிலக்கரிச் சுரங்கம்.

காலை எட்டரைக்கு சிவா, அவர் மனைவி கலா, நான் என மூவரும் கிளம்பினோம். மோட்டார்வேயில் தெற்கே சுமார் எழுபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழியில் பாம்பே மலை வரும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், வடா பாவ் கிடைக்காது. புது நெடுஞ்சாலை ஹன்ட்லியைத் தொடாமல் ஓடுகிறது. வெளியேறும் பலகையைத் தவறவிட்டால் ஹாமில்டனில்தான் போய் நிற்பீர்கள்.

வீடு காலியாக இருந்தது. விற்பனை ஏஜென்ட் அம்மையார் இனிக்க இனிக்கப் பேசினார். நடுவில் இரண்டு முறை சிகரெட் பிடிக்க ரோட்டுப் பக்கம் போய் வந்தார். சிவா நேராகப் பின்பக்கம் ஓடினார்.

"அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ! ஈசான மூலையில குழாய்க்கிணறு. கடவுளே வைச்ச மாதிரி இருக்கு!"

முழங்கால் உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்புக் குழாய், மேலே ஒரு மூடி. பழைய தண்ணீர்க் கிணறு என்றார் ஏஜென்ட். அப்படியானால் பம்ப் எங்கே, வீட்டுக்குப் போகும் பைப் எங்கே என்று கேட்டேன். அது தன் காலத்துக்கு முந்தியது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முந்தின நாள் மழையில் தோட்டமெங்கும் குட்டை. மற்ற குட்டைகள் சும்மா கிடந்தன. குழாயின் காலடியில் மட்டும் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

"ஊத்து, அண்ணை. நல்ல சகுனம்" என்றார் சிவா. கலா அதற்குள் குழாய் மூடிமேல் பூ வைத்து, கற்பூரத்தையும் வைத்து, லைட்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

"கலா, பத்த வைக்காதீங்க! கேஸா இருக்கலாம்!" என்று கத்தினேன்.

"ஏன் அண்ணை எல்லாத்திலயும் சந்தேகப்படுறியள்?" என்று சிவா கோபித்துக்கொண்டார். வாசனையே இல்லையே என்றார் ஏஜென்ட். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அடுப்பு கேஸில் வருவது, கசிந்தால் தெரியட்டும் என்று கலந்த நாற்றம்.

சிவாவையும் கலாவையும் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். நிலக்கரியின் நுண்ணிய துளைகளில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். நிலத்தடி நீரின் அழுத்தம் அதை அங்கேயே பிடித்து வைக்கும். நீரை இறைத்தால் அழுத்தம் குறைந்து, வாயு கரியிலுள்ள வெடிப்புகள் வழியே நகரும். வெடிப்புகள் இறுகிக் கிடந்தால் எவ்வளவு வாயு இருந்தும் எடுக்க முடியாது. மேலே இறுகிய களிப்பாறை இருந்தால் அதுதான் மூடி. நிலம் பிளந்து நழுவிய இடத்தில் அந்த மூடி சில சமயம் இன்னும் இறுகும், சில சமயம் ஒழுகும். யாரோ கரியையோ வாயுவையோ தேடி இங்கே துளை போட்டு, கட்டுப்படியாகாமல் விட்டுப் போயிருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பாறை மூடியில் மனிதன் போட்ட ஓட்டை இது. வெறும் சதுப்பு வாயுவாகவும் இருக்கலாம், அளந்தால்தான் தெரியும். அதுவும் மீத்தேன்தான், அதுவும் பற்றும்.

சிவா கையெழுத்துப் போடவில்லை. கலா கற்பூரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். வாடகை வீட்டை விட்டுவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள். எனக்குப் பாவமாக இருந்தது.

இந்தப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: சுரங்க வரலாற்றையும் பழைய துளைகளையும் பற்றி உள்ளூர் கவுன்சிலில் கேளுங்கள். பயன் தெரியாத குழாய் இருந்தால் நிபுணரை வைத்து வாயுவை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை நெருப்பு வேண்டாம். வாஸ்துவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாப்பாடு கொண்டு போங்கள். இரண்டு காபிக்கே பன்னிரண்டு டாலர் ஆனது.

வீடு திரும்பக் கிளம்பினோம். பாம்பே மலை ஏறும்போது சிவா மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, அது ஆக்களில்லாத வெறும் வீடு. தோட்டம், வளவு எல்லாம் பெரிசு. அந்த ஏஜென்ட் மனுசி ஏன் சிகரெட் பத்த ரெண்டு தரமும் ரோட்டு வரைக்கும் போனவ?"